நான்கு பேர் சுமந்து வந்த ஆண்டு

வெள்ளக்கரட்டூரில் செவ்வாய்க்கிழமை தோறும் சந்தை கூடும். எந்த வருஷத்திலிருந்து கூடுகிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் தக்காளி விலை ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. நவமணிக்கு மட்டும் அது தெரிந்தே ஆக வேண்டியிருந்தது.

‘வெள்ளக்கரட்டூர் வாரச் சந்தையின் வரலாறு’ என்று அவள் ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முந்நூற்றிருபது பக்கம் எழுதி முடித்தாயிற்று. முதல் பக்கத்தின் முதல் வரியில், இந்தச் சந்தை இன்ன ஆண்டு தொடங்கியது என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் பரீட்சைத் தாளில் வருவதுபோல ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தாள். பல்கலைக்கழகம் இரண்டு முறை அவகாசம் கொடுத்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆய்வேடு போய்ச் சேராவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் அம்பேல்.

அந்த ஆண்டு சென்னையில், ஓர் ஆவணக் காப்பகத்தில், ஒரு பழைய கோப்பின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்து, குறித்துக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நவமணியின் துறையில் இன்னும் மூன்று பேர் ஆராய்ச்சி செய்தார்கள். மூத்தவர் தெய்வசிகாமணி. ஈர்க்குச்சி போல ஆள், தடித்த கண்ணாடி, பதினோரு வருஷ ஆராய்ச்சி. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாலும் “ஆதாரம்?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். அடுத்தவன் கார்மேகம். ஆள் வாட்டசாட்டம். கணக்கில் புலி என்று அவனுக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்தவனும் அவன்தான். மூன்றாமவன் நாச்சிமுத்து. யார் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு படி ஏறி யோசிப்பான். மற்றவர்கள் வழுக்கி விழுவது அந்தப் படியில்தான். இவர்கள் நடுவில் தானே புத்திசாலி என்று நவமணிக்கு ஓர் எண்ணம் இருந்தது. அதை நாம் கெடுப்பானேன்!

நெறியாளர் மாசிலாமணி, “தனியாப் போகாத புள்ள, நாலு பேருமாப் போயிட்டு வாங்க,” என்று சொல்லி மூன்று உத்தரவுகள் போட்டார்.

“ஒண்ணு, ஒரே ஆள் சொல்றத நம்பாதீங்க. ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாத ரெண்டு பேர் சொன்னாத்தான் அது உண்மை. ரெண்டாவது, ஆவணம் கண்ணு முன்னால இருக்கறப்பத்தான் எழுதோணும். ஞாபகத்துல இருந்து ஒரு எழுத்து எழுதப்படாது. மூணாவது, வேலையச் சமமாப் பங்கு போட்டுக்கோங்க.”

நவமணி மூன்றையும் நோட்டில் எழுதினாள். நான்கு பேரும் அடியில் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை ஈரோட்டில் பகல் ரயிலைப் பிடித்தார்கள். மத்தியானம் ரயில் கடைசி ஸ்டேஷனில் போய் நின்றது. பெட்டியில் இருந்தவர்கள் அடித்துப் பிடித்து இறங்கினார்கள். இவர்கள் நால்வரும் அசையவில்லை.

“எறங்கலாமுங்களா?” என்றாள் நவமணி.

“எந்த ஊருன்னு எறங்கறது?” என்றார் தெய்வசிகாமணி.

“சென்னைன்னு போர்டு இருக்குதுங்களே.”

“அது ஒரு ஆதாரம். இன்னொண்ணு?”

“மைக்குலயும் சொன்னாங்கண்ணா,” என்றான் கார்மேகம்.

நாச்சிமுத்து தலையை ஆட்டினான். “போர்டு எழுதுனதும் ரயில்வே, மைக்குல சொன்னதும் ரயில்வே. ரெண்டும் ஒரே வாய்தானுங்க. சம்பந்தமில்லாத ஆள் சொல்லோணும்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசியாக இறங்கப் போன ஒரு பெரியவரை மறித்துக் கேட்டார்கள். “சென்னைதான் தம்பி,” என்றார் அவர். “உங்களுக்கு எப்படீங்க தெரியும்?” என்றார் தெய்வசிகாமணி. “அதான் மைக்ல சொன்னாங்களே!” என்றார் பெரியவர். பாவம், அவரும் ஏமாந்திருக்கிறார் என்று நால்வரும் பரிதாபப்பட்டு அவரைப் போகவிட்டார்கள்.

இந்த விவாதம் முடிவதற்குள் ரயில் மறுபடி நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, பெட்டிகளைக் கழுவும் கொட்டகைக்குள் போய் நின்றது. இரண்டு பக்க ஜன்னலிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நான்கு பேரும் தலையோடு காலாக நனைந்து, ஆனால் ஆராய்ச்சியாளருக்குரிய பொறுமையோடு உட்கார்ந்திருந்தபோது, துடைப்பமும் வாளியுமாக ஓர் அம்மாள் ஏறி வந்தாள்.

“யார்ப்பா நீங்கள்லாம்? வண்டி காலியாய் எம்மா நேரம் ஆச்சு, இன்னும் குந்திகினு கீறீங்க?”

“அம்மா, நீங்க ரயில்ல வந்தீங்களா?” என்று நாச்சிமுத்து கேட்டான்.

“நான் இன்னாத்துக்கு ரயில்ல வர்றேன்? வூடு பக்கத்துல. நடந்துதான் வர்றேன்.”

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. ரயிலோடு சம்பந்தமே இல்லாத சாட்சி. “அப்ப இது எந்த ஊருன்னு நீங்களே சொல்லுங்க.”

“இன்னாது, எந்த ஊரா? மெட்ராஸ்!”

எழுந்திருக்கப் போன நான்கு பேரும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். போர்டில் இருப்பது சென்னை. இந்த அம்மாள் சொல்வது மெட்ராஸ். சான்றுகள் முரண்படுகின்றன. இதற்கு ஈரோடு திரும்பிப்போய் முதலிலிருந்து வருவதுதான் முறை என்று தெய்வசிகாமணி சொன்னார். வெள்ளிக்கிழமையை நினைத்து நவமணிக்கு அழுகை முட்டியது. நல்லவேளையாக அந்த அம்மாளுக்கு ஆராய்ச்சி முறைகள் தெரியாது. துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து நால்வரையும் கீழே இறக்கிவிட்டாள்.

மறுநாள் காலை காப்பகத்துக்குப் போனார்கள். அனுமதிக் கடிதத்தை வாசலில் நின்று நவமணி ஒருமுறை உரக்கப் படித்தாள். ‘வாசிப்பறைக்குள் பென்சில் தவிர வேறெதுவும் கொண்டு செல்லக் கூடாது.’

பைகளை வைத்தார்கள். போன்களை வைத்தார்கள். நோட்டுகள், கைக்கடிகாரம், கைக்குட்டை, கார்மேகத்தின் முறுக்குப் பொட்டலம் எல்லாம் அலமாரிக்குள் போயின. செருப்பையும் கழற்றிவிட்டார்கள்.

“சட்டை?” என்றான் கார்மேகம்.

வாசலில் இருந்த காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

“சட்டைய நாம கொண்டு போகறதில்லீங்க,” என்றான் நாச்சிமுத்து. “போட்டுட்டுப் போறோம். கையில எடுத்துட்டுப் போனாத்தான் கொண்டு போறது.”

“அப்ப என்ற கண்ணாடி? அதையும் போட்டுட்டுத்தானப்பா போறேன்?” என்றார் தெய்வசிகாமணி.

“நீங்க அத அடிக்கடி கழட்டிக் கையில வெப்பீங்கல்லண்ணா? சந்தேகம்னு வந்துட்டா விட்டுட்டுப் போறதுதான் மரியாதை.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கையில் பென்சிலையும் மறு கையில் கார்மேகத்தின் தோளையும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

வாசிப்பறைப் பொறுப்பாளர் ரோசலின் என்ற அம்மையார். தங்கமான மனுஷி. பத்தே நிமிஷத்தில் கோப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நவமணி நாற்பத்தோராம் பக்கத்தைப் புரட்டினாள். பழுப்பேறிய தாளில், கருத்த மையில், பளிச்சென்று இருந்தது: 1873. ஆறு வருஷமாகத் தேடிய ஆண்டு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எழுதிக்கோ புள்ள,” என்றார் தெய்வசிகாமணி, எதிர்த் திசையைப் பார்த்து.

நவமணி பென்சிலைத் தூக்கினாள். அப்போதுதான் நான்கு பேரிடமும் நான்கு பென்சில்கள் இருப்பதும், ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாததும் தெரிந்தது.

ரோசலின் அம்மையார் இதைக் கவனித்தார். “பேப்பர் இல்லையாம்மா? அந்த மூலையில வெள்ளைப் பேப்பர் அடுக்கி வச்சிருக்கு பார், எடுத்துக்கோ.”

நவமணி எழுந்தாள். நாச்சிமுத்து அவள் முழங்கையைப் பிடித்தான். “அவசரப்படாத. இது என்ன எடம்?”

“ஆவணக் காப்பகமுங்கண்ணா.”

“இங்க இருக்கற பேப்பரெல்லாம் என்ன?”

“ஆவணம்.”

“ஆவணத்து மேல யாராச்சும் எழுதுவாங்களா?”

“அது வெள்ளைப் பேப்பரப்பா!” என்றார் அம்மையார்.

“ஒண்ணும் எழுதாத ஆவணமுங்க,” என்று நாச்சிமுத்து பணிவோடு திருத்தினான். “அதுல எழுதிக் கெடுத்த பாவம் எங்களுக்கு எதுக்குங்க?”

அம்மையார் தன் மேஜைக்குப் போய், தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

“மனசுல வெச்சுட்டு வெளிய போயி எழுதிக்கலாமுங்களா?” என்று நவமணி மெல்லக் கேட்டாள்.

“ரெண்டாவது உத்தரவு!” என்றார் தெய்வசிகாமணி. “ஞாபகத்துல இருந்து ஒரு எழுத்து எழுதப்படாது. கையெழுத்துப் போட்டிருக்கறோம்.”

“எழுத வேண்டாமுங்க. மனசுலயே சுமந்துட்டு ஊருக்குப் போலாம்,” என்றான் கார்மேகம்.

இது நல்ல யோசனையாக இருந்தது. ஆனால் மூன்றாவது உத்தரவும் இருக்கிறதே! சுமப்பதென்றால் சமமாகச் சுமக்க வேண்டும். கார்மேகம் அண்ணாந்து பார்த்தபடி கணக்குப் போட்டான். “ஒண்ணும் எட்டும் ஒம்பது, ஏழு பதினாறு, மூணு பத்தொம்பது. நாலு பேர்னா ஆளுக்கு நாலே முக்கால்.”

“நாலே முக்காலா எடுத்துட்டுப் போனா மறுபடி வருஷமாக்க முடியுமுங்களா?” என்று நவமணி பதறினாள். இதற்குத்தான் அவளைப் புத்திசாலி என்றது.

கடைசியில் ஆளுக்கு ஓர் இலக்கம் என்று முடிவாயிற்று. எட்டு கனமானது என்பதால் கார்மேகம் எடுத்துக்கொண்டான். ஏழு நாச்சிமுத்துவுக்கு. மூன்று நவமணிக்கு. தெய்வசிகாமணி ஒன்றை வாங்கிக்கொண்டார். கண்ணாடி இல்லாமலும் அந்த ஒரு கோடு தனக்குத் தெரிகிறது என்று தாளில் மூக்கு உரசப் பார்த்துச் சொன்னார். நால்வரும் வரிசையாக நின்றார்கள். “ஒண்ணு.” “எட்டு.” “ஏழு.” “மூணு.” சரியாக இருந்தது. ரோசலின் அம்மையாருக்குக் கும்பிடு போட்டுவிட்டு அதே வரிசையில் வெளியே வந்தார்கள்.

ஆண்டு பத்திரமாகக் கிடைத்துவிட்டது. அதைக் கலையாமல் ஊர் சேர்க்க வேண்டும். முதல் ஆபத்து பஸ்ஸில் வந்தது. கூட்டத்தில் ஒரு பெண்மணி நகர்ந்து இடம் கொடுக்க, நவமணி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆண்கள் மூவரும் பின்னால் வரிசையாக நின்றார்கள். இரண்டு நிறுத்தம் கழித்து நாச்சிமுத்து யதேச்சையாக முன்னிருந்து எண்ணிப் பார்த்தவன், வாயைப் பிளந்தான்.

“மூணு, ஒண்ணு, எட்டு, ஏழு! மூவாயிரத்து நூத்தி எண்பத்தேழுங்க!”

கார்மேகம் விரல் மடக்கினான். “அப்படின்னா சந்தை ஆரம்பிக்க இன்னும் ஆயிரத்து நூத்திச் சொச்சம் வருஷம் இருக்குது.”

“இன்னைக்குச் செவ்வாக்கெழமை. இந்நேரம் ஊர்ல சந்தை கூடியிருக்குமேப்பா,” என்றார் தெய்வசிகாமணி.

“யாரக் கேட்டுக் கூடுனாங்க?” என்று நாச்சிமுத்து கோபப்பட்டான்.

நவமணி பதறி எழுந்தாள். இன்னும் தொடங்காத ஒரு சந்தைக்கா முந்நூற்றிருபது பக்கம் வரலாறு எழுதினோம்? புளிக்கடைக்கு மட்டும் தனி அத்தியாயம் வேறு! “நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று கத்தி பஸ்ஸை நிறுத்தினாள். நடைபாதையில் இறங்கி வரிசையாக நின்று பார்த்ததும் 1873 திரும்பி வந்தது. அவள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகு நடைதான். சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஒரு சிக்னலில் டிபன் கேரியரோடு ஒருவர் அவசரமாகக் கார்மேகத்துக்கும் நாச்சிமுத்துவுக்கும் நடுவில் புகுந்து நின்றார். இதுவரை ஒரு வருஷத்திலும் இல்லாதபடி ஐந்து இலக்கமாகிவிட்டது. “அண்ணா, நீங்க எத்தனைங்க?” என்று நாச்சிமுத்து கேட்டான். வயதைக் கேட்கிறான் என்று நினைத்து அவர், “அம்பத்தி ரெண்டு முடிஞ்சுது,” என்றார். ஆறு இலக்கம். தெய்வசிகாமணி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். சிக்னல் மாறி அந்த மனிதர் போன பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

புதன்கிழமை ரயிலிலும் நிம்மதி இல்லை. யாராவது ஒருவர் பாத்ரூம் போக எழுந்தால் நான்கு பேரும் சேர்ந்து எழுந்து வரிசையாகப் போய், வரிசையாக வாசலில் நின்று, வரிசையாகத் திரும்பினார்கள். நவமணி போகும்போது மட்டும் மற்றவர்கள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை, ஊரில், மாசிலாமணியின் அறைக்குள் நால்வரும் அதே வரிசையில் நுழைந்து அவர் எதிரே நின்றார்கள். அவர் தன் இடது பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

“மூணு.”

“ஏழு.”

“எட்டு.”

“ஒண்ணு.”

“மூவாயிரத்து எழுநூத்தி எண்பத்தொண்ணா?” என்று மாசிலாமணி மூக்கில் விரல் வைத்தார்.

நவமணி விஷயத்தை விளக்கினாள். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் நால்வருக்கும் முதுகுப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்து கேட்டார். 1873 என்று வந்தது. அவருக்கு ரொம்பத் திருப்தி.

“ஐயா, முதல் பக்கத்துல எழுதிக்கட்டுமுங்களா?” என்று நவமணி ஆசையோடு பேனாவைத் திறந்தாள்.

“ஆவணம் கண்ணு முன்னால இருக்குதா?”

“இல்லீங்கய்யா. மெட்ராஸ்ல இருக்குது.”

“அப்ப எப்படி எழுதுவ? சொன்னது சொன்னதுதான். கோட்ட அப்படியே விட்டு, ‘பின்னிணைப்பு காண்க’ன்னு போடு. ஆதாரத்த அப்படியே கடைசியில வெச்சு, சேர்த்து பைண்டு பண்ணிக் குடுத்துரு.”

நவமணிக்கு உயிர் வந்தது. ஐயா ஐயாதான் என்று மற்ற மூவரும் மெச்சிக்கொண்டார்கள். முந்நூற்றிருபது பக்கத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு அவள் முன்னே ஓட, வரிசை கெடுகிறதே என்று அவர்கள் அவளைப் பிடித்து இழுத்துக் கடைசியில் நிறுத்தி, நால்வருமாக பைண்டர் ரங்கநாயகம் கடைக்குப் போனார்கள்.

ரங்கநாயகம் முப்பது வருஷமாக ஆய்வேடுகளை பைண்டு செய்கிறவர். ஆராய்ச்சி மாணவர்கள் எதைக் கொண்டுவந்தாலும் ஆச்சரியப்படுவதை அவர் விட்டு வெகு காலம் ஆகிறது.

“இது ஆய்வேடுங்க. நாங்க நாலு பேரும் பின்னிணைப்பு,” என்றாள் நவமணி. “வரிசை மாறாம, கடைசியில சேர்த்து பைண்டு பண்ணித் தரோணுமுங்க. நாளைக்குச் சாயங்காலம் கடைசி.”

ரங்கநாயகம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். டேப்பை எடுத்துக் கார்மேகத்தை முன்னிருந்து பின்னாக அளந்தார். “இந்தக் கனத்துக்கு ஸ்பைரல் தாங்காதுங்க. நூல் தையல்தான். கருப்பு ரெக்சின், தங்க எழுத்து. தைச்ச பொறவு மிஷின்ல குடுத்து மூணு பக்கமும் ஓரம் வெட்டிச் சமப்படுத்துவேன்.”

கார்மேகம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். “எவ்வளவுங்க போகும்?”

“கால் இஞ்சு.”

“கால் இஞ்சுன்னா பரவால்லீங்க,” என்றார் தெய்வசிகாமணி. “புள்ள படிப்பு முக்கியம்.”

“என்னையத் தையல்ல வெக்கறப்ப ஏழாம் எடம்னு தப்பா வெச்சுராதீங்க, மூணாம் எடத்துல இருக்கற ஏழு நான்,” என்று நாச்சிமுத்து எச்சரித்தான். ரங்கநாயகம் அதையும் குறித்துக்கொண்டார்.

“எத்தனை காப்பி?” என்று கேட்டார்.

“பல்கலைக்கழகத்துல அஞ்சு கேட்டிருக்காங்க,” என்றாள் நவமணி. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“அஞ்சு புஸ்தகத்துக்கும் பின்னிணைப்பு வேணுமே,” என்றார் ரங்கநாயகம். “இங்க ஒரு செட்டுதான இருக்குது?”

நாச்சிமுத்துதான் முதலில் தெளிந்தான். “எனக்குக் கவலையில்லீங்க. என்னையச் சேர்த்து எங்க வீட்ல அண்ணந்தம்பி அஞ்சு பேரு. மூக்கு வரைக்கும் அச்சு அசல். ஆளுக்கொரு புஸ்தகத்துல போயிருவோம்.”

“எனக்கு அக்கா நாலு பேருங்க,” என்றான் கார்மேகம். “எல்லாம் என்னாட்டவேதான் இருப்பாங்க. மீசை மட்டும் இருக்காது.”

“அத அடிக்குறிப்புல போட்டுக்கலாம்,” என்றார் தெய்வசிகாமணி. “எனக்கும் பிரச்சினையில்ல. ஒண்ணுதான? எந்த ஒல்லி ஆளும் ஒண்ணுக்கு ஆகும். நம்ம காலேஜ்லயே நாலு பேர் கெடைப்பாங்க.”

மூவரும் திரும்பி நவமணியைப் பார்த்தார்கள். முந்நூற்றிருபது பக்கமும் அவள் கையிலிருந்து நழுவி பைண்டரின் பசைச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது.

“நான் எங்கூட்டுக்கு ஒத்தப் புள்ளைங்கண்ணா! எனக்கு வேற காப்பியே இல்லீங்களே!”

அழுதுகொண்டே போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். மறுமுனையில் அம்மா எடுத்ததும், ஆண்டையும் வரிசையையும் ஐந்து பிரதியையும் விக்கலுக்கு நடுவே சொல்லி முடித்து, “ஏம்மா என்னைய ஒத்தையாப் பெத்தீங்க? இன்னும் நாலு இருந்திருந்தா என்ற படிப்புப் போயிருக்குமா?” என்று விசும்பினாள்.

அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

“ஏஞ்சாமி, இத ஒரு வருசம் முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா? வெள்ளிக்கெழமைக்குள்ளன்னா நாங்க எப்படிப் பெத்துத் தருவோம் கண்ணு?”